பிறப்பிடம் என்ற கட்டம்

மூன்றாவது தடியில் ரம்பம் நின்றது.
நின்றது என்பது மரியாதைக்கு;
அலறிற்று, அறுந்தது, தகரத்தில் போய் அறைந்தது.
தள்ளி விழுந்த பிச்சைக்கண்ணு
வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்,
"கல்லையா முழுங்கிச்சு, என்ன வே இது?"

கல் இல்லை.
செங்கோட்டைச் சாரல் கூரையில் பொரிய
ஐந்து தலை ஒன்றாய்க் குனிந்து பார்த்தோம்.
பைன் மரத்தின் வெளிர்ச் சதைக்குள்
சுண்டுவிரல் நீள இரும்பு, ஓரமெல்லாம் பல்.
சுற்றிலும் பேனா மை கொட்டிய மாதிரி கறை.
அதற்குமேல் ஆறு வளையம்.
பாய்ந்த பிறகும் ஆறு வருஷம்
அந்த மரம் நின்றிருக்கிறது,
வாயை மூடிக்கொண்டு.

மில்லில் தடி பார்க்க ஒன்பது பேர்.
காகிதம் பார்க்க நான் ஒருத்தி, ஆவுடை.
வந்த புதிதில் ஒரு கோப்பு, இப்போது ஒரு பீரோ.
எந்தக் காடு, எவன் வெட்டினான்,
வெட்டினவனுக்குக் கூலி போயிற்றா,
எந்தக் கப்பல், எந்த முத்திரை,
சண்டைக்காரன் கை எங்கேயாவது பட்டிருக்கிறதா.
கடைசிக் கேள்விக்கு எல்லோருமே
'இல்லை'யில் டிக் அடித்து அனுப்புகிறார்கள்.
நானும் வாங்கி வைக்கிறேன்.

பர்மா தேக்கு கேட்டு வருபவர்களிடம்
மீரான் கனி முதலாளி கை விரிப்பார்:
"மரம் கெடக்கு, பாதைதான் இல்ல."
பாதை இருந்த காலத்தில்
தூத்துக்குடியில் இறங்கி லாரி ஏறி
வல்லநாடு தாண்டி வந்த மரம்தான்.
இப்போது இரண்டு துறைமுகம் சுற்றி
வேறொரு நாட்டை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு வருகிறது.
வாசனையை மாற்றிக்கொள்ள மட்டும் அதற்குத் தெரியவில்லை.
முகர்ந்தாலே பிச்சைக்கண்ணு சொல்லிவிடுவார்.
முகர்வதற்குப் படிவம் கிடையாது.

இந்தப் பைனும் அப்படித்தான்.
செங்கடல் ஆகாது என்று ஆப்பிரிக்காவைச் சுற்றி
அறுபத்தொரு நாள் கடலில் கிடந்து வந்தது.
கன அடிக்கு விலை சொல்லவே முதலாளி
இரண்டு நாள் யோசித்தார்.
காகிதத்தில் பிறப்பிடம்:
பட்டாசுகூட வெடிக்காத, ஏரி நிறைந்த ஒரு தேசம்.

வியாழக்கிழமை தணிக்கை.
"அந்த இரும்பைக் காயலான் கடைக்குப் போடும்மா" என்றவர்
போட்டாயா என்று அப்புறம் கேட்கவில்லை.
அது என் மேசை டிராயரில், ஸ்டேப்ளர் பின்களோடு கிடந்தது.
கதவு ஆர்டர் இருநூற்று நாற்பது. சீமைக்குப் போகிறது.
சான்றிதழ் போனால் ஆர்டர் போகும்;
ஆர்டர் போனால் புளியரைப் பக்கம் எட்டு வீட்டில்
ஆடித் தள்ளுபடிக்குச் சேலை எடுக்க மாட்டார்கள்.
எனக்கும் சீட்டுப் பணம் இரண்டு தவணை பாக்கி.

கொச்சிக்காரர் குரியன் கொல்லம் ரயிலில் வந்திறங்கி
பீரோவை முழுதும் பார்த்தார். முழுதும் சரி.
டீ வந்தது. பருப்பு வடை.
கையெழுத்துக்குப் பேனாவை அவர் திறந்தபோது
நான் டிராயரைத் திறந்தேன்.
ஏனென்று இன்றுவரை நிச்சயமாய்த் தெரியாது.
கைக்குட்டையில் அதை வைத்து
வெகுநேரம் எடை பார்த்தார்.
"காகிதத்தில் ஒரு தப்பும் இல்லை" என்றார்.
"மரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை."

அந்த கன்டெய்னர் மரம் முழுக்க இப்போது வெளியே,
தார்ப்பாய்க்குக் கீழே, சிவப்புப் பெயின்ட் குறியோடு.
மழைக்குக் காளான் பூத்திருக்கிறது.
கதவு ஆர்டரில் பாதி பிழைத்தது.
மூன்று பேர் ஆரியங்காவுக்கு வேலைக்குப் போகிறார்கள்.
முதலாளி என்னிடம் பேசுகிறார்,
பெயர் சொல்லாமல்.

பிச்சைக்கண்ணு பழைய ஸ்பீக்கரை உடைத்து
காந்தத்தைக் கயிற்றில் கட்டியிருக்கிறார்.
ஏற்றுமுன் ஒவ்வொரு தடிக்கும் மூன்று சுற்று,
திருஷ்டி கழிக்கிறாற்போல்.
நேற்று ஒன்றில் கயிறு இழுத்தது.
எல்லோரும் தள்ளி நின்றோம்.
உளியால் தோண்டினார்.

ஆணி.
எந்தக் காட்டிலோ யாரோ
சட்டை கழற்றி மாட்டிய ஆணி.
பிடுங்கி என் கையில் தந்தார்.
ரம்பத்தை ஓட்டச் சொன்னேன்.